நடுவர் சொன்னதே தீர்ப்பா?

நடுவர் தப்பாகத் தீர்ப்பு சொல்லிவிட்டார் என்று மாணவர்கள் திடலில் சண்டை போடுவதை அடிக்கடி கேட்கிறோம். அமெரிக்கக் காற்பந்தில் இந்தச் சண்டை விதிகளையே மாற்றியிருக்கிறது. அது நம்மூர்க் காற்பந்து இல்லை. பந்தைக் கையால் எறிந்து, ஏந்தி ஓடும் ஆட்டம். அதில் நடந்த மூன்று சம்பவங்களைப் பாருங்கள்.

முதலாவது, 2002 ஜனவரி 19. பாக்ஸ்பரோவில் கொட்டும் பனியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸும் ஓக்லாந்து ரெய்டர்ஸும் மோதின. ரெய்டர்ஸ் 13-10 என முன்னணி. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே பாக்கி. பேட்ரியட்ஸின் டாம் பிரேடியை எதிரணி வீரர் இடித்ததும் பந்து நழுவியது. ரெய்டர்ஸ் அமுக்கிப் பிடித்தது. ஆனால், நடுவர் வால்ட் கோல்மன் காணொளியைப் பார்த்துவிட்டு, அது நிறைவுபெறாத வீச்சு என்றார். எறிய முன்னே வந்த கையை உடலோடு இழுத்துக்கொள்ளும்போது பந்து நழுவினாலும் அது வீச்சுதான் என்று 1999இல் வந்த விதி சொன்னது. பேட்ரியட்ஸ் கூடுதல் நேரத்தில் 16-13 என வென்று, சூப்பர் பவுல் கிண்ணத்தையும் தட்டிச் சென்றது. நடுவர் விதிப்படிதான் நடந்தார். விதிதான் பலருக்கு ஒப்பவில்லை. 2013இல் அதை நீக்கினார்கள்.

இரண்டாவது, 2012 செப்டம்பர் 24, சியாட்டல். ஊதிய, ஓய்வூதியத் தகராறில் வழக்கமான நடுவர்களை லீக் நிர்வாகம் வெளியே நிறுத்திவிட்டு, மாற்று நடுவர்களை இறக்கியிருந்த நேரம். கடைசி வீச்சில் சீஹாக்ஸ் வீரரும் கிரீன் பே பேக்கர்ஸ் வீரரும் ஒரே பந்தைப் பிடித்தபடி விழுந்தார்கள். பக்கத்தில் நின்ற இரண்டு நடுவர்களும் ஆளுக்கொரு சைகை காட்டினார்கள்! சீஹாக்ஸ் 14-12 என வென்றது. பந்து வருமுன் சீஹாக்ஸ் வீரர் எதிராளியைத் தள்ளியதற்குத் தண்டனை கொடுத்திருக்க வேண்டும் என்று லீக்கே பிறகு ஒப்புக்கொண்டது. இரண்டே நாளில் உடன்பாடு ஏற்பட்டு, பழைய நடுவர்கள் திரும்பினார்கள். இங்கே கேள்வி விதியைப் பற்றியது இல்லை. யாரை நடுவராக நிறுத்தினார்கள் என்பதைப் பற்றியது.

மூன்றாவது, 2019 ஜனவரி 20, நியூ ஆர்லியன்ஸ். ஆட்டம் 20-20. பந்து வந்து சேருமுன்பே ராம்ஸ் வீரர், செயின்ட்ஸ் வீரரை இடித்துத் தள்ளினார். யாரும் கொடி எறியவில்லை. அந்தத் தவற்றைக் காணொளியில் மறுஆய்வு செய்ய அப்போது விதியில் இடமில்லை. ராம்ஸ் கூடுதல் நேரத்தில் 26-23 என வென்று சூப்பர் பவுலுக்குப் போனது. மக்கள் கொதித்ததால் அடுத்த பருவத்தில் மறுஆய்வுக்கு வழி செய்தார்கள். ஒரே பருவத்தில் அதைக் கைவிட்டும் விட்டார்கள். ஏன்? எவ்வளவு இடித்தால் தவறு என்பதைக் காணொளி சொல்லாது. அதையும் ஒரு மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்.

விதியில் குறை, ஆளில் குறை, பார்வையில் குறை. மூன்றையும் மாணவர்கள் “அநியாயம்” என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். விவாதக் கட்டுரை எழுதச் சொல்லும்போது, முதலில் குறை எங்கே என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மருந்து அதைப் பொறுத்துத்தானே மாறும்?

இன்னொன்றும் சொல்லுங்கள். விதிகள் மாறின, அந்த மூன்று ஆட்டங்களின் முடிவும் மாறவில்லை. தோற்றவர் தோற்றவரே. பேச்சுப்போட்டிக்கு மதிப்பெண் போடும் நாமும் நடுவர்கள்தான். அடுத்த ஆண்டு மதிப்பீட்டு முறையைத் திருத்தலாம்; இந்த ஆண்டு மேடையேறிய பிள்ளைக்கு அது உதவாது.