குடத்துக்குள் விழுந்த ஓலை

"ஓட்டுப் போட்டு என்னத்தக் கண்டோம்?"னு இளைஞர்கள் சார்பில் எதிரணி நண்பர் கேட்டார். மாகறலுக்குப் பக்கத்தில் உத்திரமேரூர். அங்கே கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு; ஆண்டு 921. ஊரில் 30 குடும்பு. இன்றைய வார்டு மாதிரி. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை. அவன் உறவுக்காரனுக்கும் இல்லை!

ஆனா ஒண்ணு. 35 வயசு ஆகணும், சொந்த நிலம் வேணும், வேதம் படிச்சிருக்கணும். நிலமில்லாமல் உழுதவனுக்கு ஓலை உண்டா? பெண்ணுக்கு உண்டா? கிடையாது! 1989-இல் 18 வயதுக்கே வாக்குரிமை வந்தது. நிலம் கேட்கலை, வேதம் கேட்கலை.

தம்பி, குடத்தில் கைவிட்ட சிறுவனுக்கு உள்ளே யார் பேர்னு தெரியாது. உனக்குத் தெரியும். தெரிஞ்சும் வீட்டில் படுத்துக்கிட்டா, நாளைக்குக் கணக்குக் கேட்க எந்த முகத்தோட போவே?