தமிழகத்தில் நுழைவுத் தேர்வும் மாணவர் மறுப்பும்

தமிழகத்துத் தொழிற்கல்விச் சேர்க்கையின் வரலாற்றை நுணுகி நோக்கினால், தரப்படுத்தப்பட்ட தேர்வு, அதாவது ஒரே வினாத்தாள், ஒரே கால அளவு, ஒரே திருத்தும் முறை ஆகியவற்றால் எல்லா மாணவரையும் அளக்கும் தேர்வு, முதலில் ஓர் அநீதிக்கு மருந்தாகவே வந்தது என்பதும், பின்னர் அதுவே மாணவர்களின் முறையீட்டுக்கு இலக்கானது என்பதும் புலப்படும்.

1960களில் மருத்துவக் கல்லூரி இடங்கள் மாவட்டவாரியாகப் பங்கிடப்பட்டதை எதிர்த்து ராஜேந்திரன் என்னும் மாணவர் தொடுத்த வழக்கில், 1968இல் உச்ச நீதிமன்றம் அம்முறையை ரத்து செய்தது. அடுத்து 1970இல் பெரியகருப்பன் வழக்கு தீர்ப்புக்கு வந்தபோது, நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருந்ததோடு, விண்ணப்பித்தவர்கள் பல குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வெவ்வேறு தேர்வாளர்களால் மதிப்பிடப்பட்டும் வந்தனர். எந்தக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார் என்பதைப் பொறுத்தே ஒருவரின் வாய்ப்பு மாறக்கூடிய அந்த நடைமுறையை நீதிமன்றம் குறைகூறியது. நேர்முகத் தேர்வில் செல்வாக்கும் பரிந்துரையும் நுழைகின்றன என்னும் மனக்குறை பெருகிய சூழலில்தான், எம்.ஜி.ஆர். அரசு 1984இல் பொது நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் 200க்கும் நுழைவுத் தேர்வு மதிப்பெண் 100க்குமாகக் கணக்கிடப்பட்டு, இரண்டின் கூட்டுத்தொகையே தரவரிசைக்கு அடிப்படையானது.

சிபாரிசுக்கு இடமளிக்காத அந்த முறை, பயிற்சிக்குப் பணம் செலவிட இயன்றவருக்கு இடமளித்தது. கொள்குறி வினாக்களை, அதாவது தரப்பட்ட விடைகளுள் சரியானதைத் தெரிந்தெடுக்கும் வினாக்களை, விரைந்து விடுவிக்கும் பழக்கம் பள்ளி வகுப்பறையில் கிடைப்பதன்று. அதைக் கற்பிக்கும் பயிற்சி மையங்களோ நகரங்களில்தான் இருந்தன. ஒரே வினாத்தாளை எழுதிய கிராமத்து மாணவரும் நகரத்து மாணவரும் ஒரே ஆயத்தத்தோடு எழுதவில்லை என்பதே எதிர்ப்பின் சாரம். ஜெயலலிதா அரசு 2005இல் தேர்வை நீக்கி ஆணையிட்டும் அது நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. கருணாநிதி அரசு அமைத்த அனந்தகிருஷ்ணன் குழுவின் அறிக்கையை ஒட்டி 2006இல் நிறைவேறிய சட்டமே, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 2007இல் நடைமுறைக்கு வந்து, நுழைவுத் தேர்வை முடிவுக்குக் கொண்டுவந்தது. வெவ்வேறு கல்வி வாரியங்களில் பயின்றோரின் மதிப்பெண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் சமன்செய்தல் முறையையும் அச்சட்டம் வகுத்தது.

நுழைவுத் தேர்வு இல்லாதிருந்த அக்காலத்தின் குறையையும் மறைத்தல் தகாது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே எல்லாமும் ஆனபின், நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் ஒரே பாடநூலை உருவேற்ற வைக்கும் வழக்கம் பரவியது. 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு இதுவே முதன்மையான காரணம். ஆயினும் அரசுப் பள்ளி மாணவர் தம் ஆசிரியரையும் பாடநூலையும் நம்பி மருத்துவக் கல்லூரி வாயிலை அடையக்கூடிய ஒரு பாதை அப்பத்தாண்டில் திறந்திருந்தது என்பதே மெய்.

அப்பாதையை அடைத்தது நீட் என்னும் தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வு. 2013இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்த அத்தேர்வு, 2016இல் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டதால் மீண்டும் வந்து, ஓராண்டு விலக்குக்குப் பின் 2017இல் தமிழகத்திலும் நடைமுறையானது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த, சுமைதூக்கும் தொழிலாளியின் மகளான அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 பெற்றவர். மருத்துவத்துக்கான கட்-ஆஃப், அதாவது உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைச் சுருக்கிக் கூட்டிய தொகை, அவருக்கு 200க்கு 196.75. மாநிலப் பாடத்திட்டத்தில் பயின்ற அவர், மத்தியப் பாடத்திட்டத்தைத் தழுவிய நீட் தேர்வில் 720க்கு 86 மதிப்பெண்ணே பெற்றார். உச்ச நீதிமன்றம் வரை சென்று முறையிட்டும் பயன் விளையாமல், 2017 செப்டம்பர் 1 அன்று உயிர் நீத்தார். ஒரே மாணவிக்கு இரு தேர்வுகள் வழங்கிய இவ்விரு அளவுகளும் ஒரே தகுதியைத்தான் அளந்தன என்று எவரும் வாதிட இயலாது.

மறு ஆண்டிலேயே தமிழ் வினாத்தாளின் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தமையால் 196 கருணை மதிப்பெண் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அவ்வாணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2021இல் நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு, 2020-21இல் இடம்பெற்றோரில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோர் முந்தைய ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடித்து மீண்டும் தேர்வெழுதியவர்கள் என்று பதிவு செய்தது. ஓராண்டு வருமானமின்றி, பயிற்சிக் கட்டணமும் செலுத்திக் காத்திருக்க இயன்ற குடும்பங்கள் எவை என்பது விளக்கம் வேண்டாதது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வழங்கப்பட்ட 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இழப்பை ஓரளவு ஈடுசெய்ததேயன்றி, அளக்கும் முறையைத் திருத்தவில்லை.

தமிழகத்துக்கு நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரிய சட்டமுன்வடிவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மருத்துவச் சேர்க்கையில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் இன்று குறைந்தபட்சத் தகுதியாக மட்டுமே கொள்ளப்படுகிறது. தரவரிசையில் அதற்கு எவ்விடமும் இல்லை.