மூன்று வாக்குகளில் கைநழுவிய மென்மையான பிரெக்சிட்

2019 ஏப்ரில் முதலாம் திகதி இரவு பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நடைபெற்ற வாக்கெடுப்பு ஒன்றின் முடிவை அறிவதற்காகக் கொழும்பில் நான் விழித்திருந்தேன். இங்கு அப்போது அதிகாலை இரண்டு மணி கடந்துவிட்டது. வெளிநாட்டுச் செய்திகளுக்குத் தலைப்பிடும் மேசையில் பல வருடங்களைக் கழித்த ஒருவனுக்கு இத்தகைய கண்விழிப்பு புதிய அனுபவம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின்னரும் பிரிட்டன் ஒன்றியத்துடன் நிரந்தரமான சுங்க ஒன்றியம் ஒன்றில் இருக்கவேண்டும் என்ற பிரேரணைக்கு ஆதரவாக 273 வாக்குகளும் எதிராக 276 வாக்குகளும் கிடைத்ததாகச் சபாநாயகர் அறிவித்தார். மூன்றே மூன்று வாக்குகள்.

மென்மையான பிரெக்சிட் என்று அழைக்கப்பட்ட பாதைக்கு அன்றிரவு கிடைத்ததைவிட நெருக்கமான வாய்ப்பு வேறு எந்தச் சந்தர்ப்பத்திலும் கிடைக்கவில்லை. அந்த வாய்ப்பு ஏன் கைநழுவியது என்பது பிரிட்டனின் அண்மைக்கால வரலாற்றில் முக்கியமான கேள்வி எனக் கருதுகிறேன்.

அதற்குச் சில மாதங்கள் முன்னர், 2018 ஒக்டோபர் 26 இற்குப் பிறகு, பாராளுமன்றத்தில் பெரும்பான்மை யாருக்கு என்ற கேள்விக்கு விடையின்றி எமது நாடு சுமார் ஏழு வாரங்கள் அந்தரத்தில் நின்றது. அந்த நாட்களில் வெஸ்ட்மினிஸ்டர் மரபுகளைத் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டி எழுதியவர்களில் நானும் ஒருவன். அந்த மரபுகளின் தாயகத்திலேயே அரசாங்கம் ஒருபுறமும் பாராளுமன்றம் மறுபுறமுமாக நின்றதைக் காண்பது விசித்திரமாக இருந்தது.

ஐரோப்பா தொடர்பில் பிரிட்டனுக்கு இருந்த தயக்கம் 2016 ஆம் ஆண்டில் பிறந்தது அல்ல. ஐரோப்பிய பொருளாதார சமூகத்தில் சேர்வதற்கு அது செய்த முயற்சியை பிரெஞ்சு ஜனாதிபதி சார்ள்ஸ் டி கோல் 1963 இலும் 1967 இலும் தடுத்து நிறுத்தினார். பின்னர் எட்வேர்ட் ஹீத்தின் ஆட்சியில் 1973 ஜனவரி முதலாம் திகதி பிரிட்டன் அங்கத்துவ நாடாகியது. இரு வருடங்களில், 1975 ஜூனில், தொழிற்கட்சிக்குள் நிலவிய பிளவைச் சமாளிப்பதற்காகப் பிரதமர் ஹெரோல்ட் வில்சன் நடத்திய சர்வஜன வாக்கெடுப்பில் 67 சதவீதமானவர்கள் தொடர்ந்து இருப்பதை ஆதரித்தனர். நான்கு தசாப்தங்களுக்குப் பிறகு டேவிட் கமரூன் அதே உபாயத்தைக் கையாண்டார். இம்முறை பிளவு அவரது கன்சர்வேட்டிவ் கட்சிக்குள் இருந்தது. முடிவோ எதிர்மாறாக அமைந்தது.

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 சதவீதமானவர்கள் வெளியேறுவதற்கும் 48.1 சதவீதமானவர்கள் தொடர்ந்து இருப்பதற்கும் வாக்களித்தனர். ஸ்கொட்லாந்தில் 62 சதவீதமானவர்களும் வட அயர்லாந்தில் சுமார் 56 சதவீதமானவர்களும் தொடர்ந்து இருப்பதையே விரும்பினர். வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி, இருப்பதா வெளியேறுவதா என்பது மாத்திரமே. வெளியேறி எங்கே போவது என்று மக்களிடம் எவரும் கேட்கவில்லை. அதற்கான பதிலைத் தேடும் பொறுப்பு அரசியல்வாதிகளின் தலையில் விழுந்தது.

வெளியேறுவதற்குப் பல வழிகள் இருந்தன. முதலாவது நோர்வேயின் வழி. அந்நாட்டு மக்கள் 1972 இலும் 1994 இலும் ஐரோப்பிய அங்கத்துவத்தை நிராகரித்தவர்கள். ஆனால், ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் ஆகியவற்றுடன் சேர்ந்து, ஐரோப்பிய பொருளாதார வலயத்தின் ஊடாக நோர்வே ஒற்றைச் சந்தையில் இடம்பெறுகிறது. விவசாயக் கொள்கையும் மீன்பிடிக் கொள்கையும் அதைக் கட்டுப்படுத்துவதில்லை. அதற்குக் கொடுக்கவேண்டிய விலை, ஆட்களின் சுதந்திரமான நடமாட்டத்தை ஏற்பதும், நிதிப் பங்களிப்புச் செய்வதும், தான் வாக்களிக்காத விதிகளைத் தனது சட்டமாக்குவதுமாகும்.

இரண்டாவது துருக்கியின் வழி. 1995 ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த சுங்க ஒன்றியத்தின் கீழ் துருக்கியின் கைத்தொழிற் பொருட்கள் தீர்வையின்றி ஐரோப்பாவுக்குள் செல்கின்றன. அங்கு ஆட்களின் நடமாட்டம் பற்றிய நிபந்தனை கிடையாது. ஆனால், வெளிநாட்டுப் பொருட்களுக்கான தீர்வையைப் பெருமளவுக்கு பிரசெல்ஸ் தீர்மானிக்க, அங்காரா பின்பற்றவேண்டும். மூன்றாவது, 1992 இல் பொருளாதார வலயத்தை மயிரிழையில் நிராகரித்துவிட்டு நூற்றுக்கும் அதிகமான தனித்தனி உடன்படிக்கைகளைச் செய்துகொண்ட சுவிற்சர்லாந்தின் வழி. அத்தகைய சிக்கலான ஏற்பாட்டை மீண்டும் ஒரு தடவை செய்துகொள்வதற்கு ஐரோப்பிய ஒன்றியம் விரும்பவில்லை.

ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்த சொற்றொடரை நாம் தமிழில் மென்மையான பிரெக்சிட் என்று எழுதினோம். அந்தச் சொல்லே வாசகர்களைத் தவறாக வழிநடத்தியதோ என்று பின்னாளில் நான் நினைத்ததுண்டு. மேற்கூறிய வழிகளில் எதுவும் வலியில்லாதது அல்ல. ஒவ்வொன்றும் பொருளாதாரப் பாதிப்பைக் குறைத்து, அதற்கு விலையாக இறைமையின் ஒரு பகுதியைக் கேட்டது. வெளியேறவேண்டும் என்றவர்களுக்கு மென்மை என்பது வெளியேறாமல் இருப்பதற்கான தந்திரமாகத் தோன்றியது. இருக்கவேண்டும் என்றவர்களுக்கு அதுவும் வெளியேற்றமாகவே தெரிந்தது.

கமரூனுக்குப் பிறகு பிரதமரான தெரேசா மே 2017 ஜனவரி 17 லங்காஸ்டர் மாளிகையில் நிகழ்த்திய உரையில் தனது நிலைப்பாட்டை அறிவித்தார். ஒற்றைச் சந்தையிலிருந்தும் ஐரோப்பிய நீதிமன்றத்தின் அதிகாரத்திலிருந்தும் பிரிட்டன் வெளியேறும், ஆட்களின் சுதந்திரமான நடமாட்டம் முடிவுக்கு வரும், முழுமையான சுங்க ஒன்றிய அங்கத்துவமும் வேண்டியதில்லை என்றார் அவர். 52 க்கு 48 என்று பிளவுபட்ட ஒரு நாட்டுக்கு அது மிகவும் கடுமையான வியாக்கியானம். அந்த வியாக்கியானத்துக்கு அவர் பாராளுமன்றத்தின் சம்மதத்தை முன்கூட்டியே பெற்றிருக்கவில்லை. வெளியேறும் நடைமுறைக்கான இரண்டு வருடக் கடிகாரத்தை மார்ச் 29 ஆம் திகதி ஓடவிட்டு, அடுத்த மாதமே பொதுத்தேர்தலுக்கு அழைப்பு விடுத்தார்.

பலமான ஆணையைக் கேட்டுச் சென்றவர் இருந்த பலத்தையும் இழந்து திரும்பினார். 2015 இல் 330 ஆசனங்களைப் பெற்றிருந்த கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 2017 ஜூன் 8 தேர்தலில் கிடைத்தவை 317. 650 உறுப்பினர்களைக் கொண்ட சபையில் ஆட்சியைத் தொடர்வதற்கு, 10 ஆசனங்களைப் பெற்ற வட அயர்லாந்தின் ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சியின் தயவை அவர் நாடவேண்டியதாயிற்று.

மென்மையான பிரெக்சிட்டுக்கு உகந்த தருணம் அதுவே. தொங்கு பாராளுமன்றம் ஒன்று அமைந்தால், எந்தவொரு கட்சியும் தனித்துத் தீர்மானிக்க முடியாது என்று மக்கள் கூறியிருப்பதாகவே அர்த்தம். தொழிற்கட்சியை அழைத்துப் பேசி, சபையின் பெரும்பான்மையினர் சகித்துக்கொள்ளக்கூடிய ஓர் ஏற்பாட்டை வகுப்பதற்கு அப்போது அவகாசமும் இருந்தது. மே அந்த வழியில் செல்லவில்லை. பெரும்பான்மையை நாட்டின் நடுப்பகுதியில் தேடாமல் தனது கட்சியின் ஓரத்தில் தேடினார்.

அந்த ஓரத்தில் அயர்லாந்து எல்லைப் பிரச்சினை காத்திருந்தது. 1998 ஏப்ரில் பெரிய வெள்ளி உடன்படிக்கைக்குப் பிறகு சுமார் 500 கிலோமீற்றர் நீளமான அந்த எல்லையில் சோதனைச் சாவடிகள் மறைந்துபோயின. இரு பக்கங்களிலும் வேறு வேறு சுங்க விதிகளும் பொருள் தரங்களும் இருந்தால் சோதனைகள் எங்காவது நடைபெற்றேயாக வேண்டும். நில எல்லையில் வேண்டாம் என்றால் வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் ஏனைய பகுதிக்கும் இடையிலான கடலில் நடக்கவேண்டும். அதுவும் வேண்டாம் என்றால் முழு நாடும் ஐரோப்பிய விதிகளுக்கு நெருக்கமாக இருக்கவேண்டும். மூன்றையும் ஒருசேர மறுப்பதற்கு வழியே இல்லை. ஆனால், மேயின் அரசாங்கம் இரண்டு வருடங்களாக அதைத்தான் செய்ய முயன்றது.

எதிரணியின் நடத்தையும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டது அல்ல. ஐரோப்பிய பொருளாதார வலயத்தில் தொடர்ந்து இருப்பதற்கு வழிசெய்யும் திருத்தம் ஒன்றைப் பிரபுக்கள் சபை 2018 மே மாதம் நிறைவேற்றியது. ஜூன் 13 அது மக்கள் சபைக்கு வந்தபோது தொழிற்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின் வாக்களிப்பில் கலந்துகொள்ளவேண்டாம் என்று தனது உறுப்பினர்களைப் பணித்தார். அவர்களில் 75 பேர் ஆதரித்தும் 15 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். திருத்தம் 126 க்கு 327 என்ற வாக்குகளில் தோல்வியடைந்தது. வெளியேறுவதை ஆதரித்த வடபகுதித் தொகுதிகளையும் இருப்பதை ஆதரித்த லண்டன் தொகுதிகளையும் ஒரே வேளையில் திருப்திப்படுத்த விரும்பிய கட்சி, எந்தப் பக்கமும் சாயாதிருப்பதையே கொள்கையாக்கிக்கொண்டது.

அடுத்த மாதம் செக்கர்ஸ் மாளிகையில் மே தனது நிலைப்பாட்டைச் சற்றுத் தளர்த்தி, பொருட்களுக்கு மாத்திரம் பொதுவான விதிகளை ஏற்கும் திட்டமொன்றை முன்வைத்தபோது டேவிட் டேவிஸும் பொரிஸ் ஜோன்சனும் அமைச்சரவையிலிருந்து விலகினர். நவம்பரில் பிரசெல்ஸுடன் செய்துகொண்ட விலகல் உடன்படிக்கையை 2019 ஜனவரி 15 மக்கள் சபை 202 க்கு 432 என்ற வாக்குகளில் நிராகரித்தது. நவீன பிரிட்டிஷ் வரலாற்றில் அரசாங்கமொன்று கண்ட மிகப்பெரிய தோல்வி அது. மார்ச்சில் மேலும் இரு தடவைகள் அதே உடன்படிக்கை தோல்வி கண்டது.

அரசாங்கத்தினால் இயலாததைச் செய்ய அந்த மாதத்திலேயே பாராளுமன்றம் முன்வந்தது. மார்ச் 27 எட்டு யோசனைகள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டன, எட்டும் தோற்றன. ஏப்ரில் முதலாம் திகதி நான்கு யோசனைகள் எஞ்சின. நோர்வேயின் வழியையும் சுங்க ஏற்பாட்டையும் இணைத்த யோசனை 261 க்கு 282 என்றும், மக்களிடம் மீண்டும் கேட்கும் யோசனை 280 க்கு 292 என்றும், சுங்க ஒன்றியம் 273 க்கு 276 என்றும் தோற்றன. நான்காவதற்கும் பெரும்பான்மை கிட்டவில்லை.

சுங்க ஒன்றியத்தை முன்மொழிந்தவர் கென் கிளார்க். 1970 முதல் சபையில் இருந்த மூத்த கன்சர்வேட்டிவ் உறுப்பினர். வெளியேறும் நடைமுறையைத் தொடங்குவதற்கான சட்டமூலத்தை 2017 பெப்ரவரியில் எதிர்த்து வாக்களித்த ஒரேயொரு கன்சர்வேட்டிவ் உறுப்பினரும் அவரே. ஐரோப்பாவை அவ்வளவு நேசித்த ஒருவர் வெளியேற்றத்தை ஏற்றுக்கொண்டு நடுவழிக்கு இறங்கிவந்தார். ஆனால், மறுவாக்கெடுப்பைத் தவிர வேறெதையும் ஏற்கமறுத்த உறுப்பினர்கள் சிலர் எதிர்த்து வாக்களித்தனர். ஸ்கொட்லாந்து தேசியக் கட்சி வாக்களிப்பிலிருந்து ஒதுங்கி நின்றது. அமைச்சர்களும் ஒதுங்கி நின்றனர். இவர்களில் நால்வர் வேறுவிதமாக முடிவெடுத்திருந்தால் பிரேரணை நிறைவேறியிருக்கும்.

அந்த வாக்கெடுப்பு அரசாங்கத்தைச் சட்டரீதியாகக் கட்டுப்படுத்தியிராது என்பது உண்மையே. ஆயினும், பிரிட்டன் தனது நிபந்தனைகளை மாற்றினால் எதிர்கால உறவு பற்றிய அரசியல் பிரகடனத்தை மாற்றத் தயார் என்று ஐரோப்பியத் தலைவர்கள் கூறிவந்தனர். பாராளுமன்றம் எதை விரும்புகிறது என்று அன்று முதற்தடவையாகத் தெரிந்திருக்கும். நோர்வே யோசனையை முன்வைத்த நிக் போல்ஸ், விட்டுக்கொடுக்க மறுக்கும் கட்சியில் இனி இருக்கமுடியாது என்று கூறி அன்றிரவே கன்சர்வேட்டிவ் கட்சியை விட்டு விலகினார். மறுநாள்தான் மே, எதிர்க்கட்சித் தலைவரைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். இரு வருடங்கள் தாமதித்து விடுக்கப்பட்ட அழைப்பு அது. அந்தப் பேச்சுவார்த்தை மே 17 முறிவடைந்தது. ஒரு வாரத்தில் அவர் பதவி விலகலை அறிவித்தார்.

அதற்குப் பிறகு நடந்தவை, காத்திருந்தால் முழுவதும் கிடைக்கும் என்று நம்பியவர்களுக்கு வரலாறு அளித்த பதில். பிரதமராக வந்த ஜோன்சன், பாராளுமன்றத்தை ஒத்திவைத்தார். அது சட்டவிரோதமானது என்று உயர்நீதிமன்றம் 2019 செப்டெம்பர் 24 ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. எனினும், டிசெம்பர் 12 தேர்தலில் அவர் 365 ஆசனங்களை வென்றார். மறுவாக்கெடுப்புக் கோரிக்கை அன்றுடன் மடிந்தது. 2020 ஜனவரி 31 பிரிட்டன் வெளியேறியது. அந்த வருட இறுதியில் ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம் இரண்டிலிருந்தும் விலகி, சாதாரண வர்த்தக உடன்படிக்கை ஒன்றுடன் நின்றது. மேயின் உடன்படிக்கையை மூன்று தடவைகளும் எதிர்த்த ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி தான் மிகவும் அஞ்சிய கடல் எல்லையையே பரிசாகப் பெற்றது. கிளார்க்கோ அதற்கு முன்னரே, 2019 செப்டெம்பரில், வேறு 20 பேருடன் சேர்த்துக் கட்சியின் பாராளுமன்றக் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்.

2024 ஜூலையில் பெரும் வெற்றியுடன் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோ திரும்பப்போவதில்லை என்று வாக்குறுதி அளித்தே வந்தது. 2025 மே மாதம் லண்டனில் நடைபெற்ற உச்சிமகாநாட்டில், உணவுப் பொருட்களின் எல்லைச் சோதனைகளைக் குறைப்பதற்காக அத்துறையில் ஐரோப்பிய விதிகளைப் பின்பற்றும் உடன்பாட்டை நோக்கிச் செல்ல அது இணங்கியது. 2019 இல் ஒரே இரவில் எடுத்திருக்கக்கூடிய தூரத்தைப் பிரிட்டன் பின்னர் அங்குலம் அங்குலமாக நடக்கத் தொடங்கியது.

அந்த ஏப்ரில் இரவின் எண்களை இப்போதும் எடுத்துப் பார்ப்பதுண்டு. தோற்ற நான்கு யோசனைகளில் மூன்றை 261 முதல் 280 வரையிலான உறுப்பினர்கள் ஆதரித்தனர் என்று மேலோட்டமாகப் பார்ப்பவர்கள், பாராளுமன்றத்தில் இணக்கப்பாடு இருக்கவில்லை என்று கூறுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சகித்துக்கொள்ளக்கூடிய தீர்வு ஒன்றுக்குத் தேவையான பெரும்பான்மை அந்த மண்டபத்தில் இருந்தது. தாம் முதலில் விரும்பியதைக் கைவிடும் ஆளாகத் தாமே இருக்கவேண்டும் என்பதைத்தான் எவரும் ஏற்கவில்லை. தமது கட்சி பிளவுபடக்கூடாது என்று கவலைப்பட்ட தலைவர்கள் இருவரும் நாடு பிளவுபட்டிருந்ததை இரண்டாம் பட்சமாகவே நோக்கினர். சமரசம் செய்யவேண்டிய வேளையில் அதைச் செய்யாதவர்கள் பிற்பாடு எவ்வளவு இறங்கிவந்தாலும், அதற்குள் பேரம் பேசும் மேசையில் வேறு ஒருவர் வந்து அமர்ந்துவிடுகிறார்.