முத்திரை அடித்த படிக்கல்: ஹிஸ்பா பற்றிச் சில குறிப்புகள்

வாப்பாவின் சில்லறைக் கடைத் தராசுக்கு வருடத்துக்கு ஒருக்கா முத்திரை அடிக்க வேண்டும். நிறுவை அளவை உத்தியோகத்தர் ஊருக்கு வருகிற நாளில் தராசையும் படிக்கற்களையும் சாக்கில் கட்டி சைக்கிளில் வைத்துக்கொண்டு போவோம். இரும்புப் படிக்கல்லின் அடியில் ஒரு சின்னக் குழி இருக்கும். அதற்குள் ஈயம். நிறை சரியென்றால் அந்த ஈயத்தில் அந்த வருடத்தின் அடையாளத்தைக் குத்தித் தருவார்கள். கல் தேய்ந்திருந்தால் ஈயம் கூட்டி நிறை சரிப்படுத்த வேண்டும். "தேயாத கல்லு உலகத்துல இல்ல மகன், அதுதான் வருசா வருசம் பாக்கிற" என்று வாப்பா சொல்லுவார்.

பல வருடங்களுக்குப் பிறகு, ஸலாஹுத்தீன் ஐயூபியின் காலத்தில் சிரியாவில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஷ்ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா கைந்நூலின் மொழிபெயர்ப்பைப் படிக்கக் கிடைத்தது. நிறைகற்கள் இரும்பினால் இருக்க வேண்டும், சரிபார்த்து முஹ்தஸிபின் முத்திரை குத்தியிருக்க வேண்டும், வெறுங்கல் கூடாது, ஏனென்றால் கல்லோடு கல் மோதினால் உதிர்ந்து நிறை குறையும், இரும்பு கிடைக்காத இடத்தில் கல்லுக்குத் தோல் போர்த்தி முத்திரையிட வேண்டும் என்கிறார். எண்ணூறு வருடத்துக்கு முந்திய அந்த மனிதரும் எங்கட வாப்பாவும் ஒரே விசயத்தைத்தான் கதைத்திருக்கிறார்கள்.

ஹிஸ்பா என்றதும் இன்று நமக்கு ஞாபகம் வருவது வேறு. உடுப்பைப் பார்த்து, தாடியைப் பார்த்து, பிரம்போடு தெருவில் நிற்கிற ஒரு கூட்டத்தின் படம் மனதில் வருகிறது. அந்தப் பெயரில் அப்படியும் நடந்திருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் பழைய கைந்நூல்களைத் திறந்து பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் வருவது கடை, அடுப்பு, தராசு, பால், மாவு, மருந்து. நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் என்ற குர்ஆனியக் கடமையை நம் முன்னோர் பெரும்பாலும் சந்தைக்குள்தான் நிறுவனமாக்கினார்கள்.

இதன் வேர் மதீனாச் சந்தையில் இருக்கிறது. றஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தை முஸ்லிம் கிரந்தத்தில் காண்கிறோம். மழையில் நனைந்ததை வியாபாரி அடியில் போட்டு, காய்ந்ததை மேலே பரப்பியிருந்தார். இந்த ஹதீஸைக் குத்பாவில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகாமல் நபியவர்கள் குவியலுக்குள் கையை விட்டார்கள் என்பதைத்தான் நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கணக்குப் பரிசோதனை என்று இன்று சொல்வதும் இதைத்தானே?

சந்தையைவிடக் கஷ்டமான இடம் அதிகாரம். இப்னுல் லுத்பிய்யா என்ற ஸகாத் சேகரிப்பாளரின் செய்தியை புகாரியும் முஸ்லிமும் பதிந்துள்ளனர். பனூ ஸுலைம் கோத்திரத்தாரிடம் ஸகாத் சேர்க்க அனுப்பப்பட்டவர் திரும்பி வந்து பொருட்களை இரண்டாகப் பிரித்தார். இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்றார். அவர் ஒளிக்கவில்லை, பகிரங்கமாகவே சொன்னார் என்பதை இங்கு கவனிக்க வேண்டும். தான் பிழை செய்வதாக அவர் நினைக்கவே இல்லை. நபியவர்கள் மிம்பரில் ஏறி, அந்த மனிதர் தன் வாப்பா வீட்டிலோ உம்மா வீட்டிலோ இருந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் கேட்டார்கள். பெயர் சொல்லித் திட்டவில்லை. ஆனால் விசயத்தை முழு ஊருக்கும் முன்னால் வைத்தார்கள்.

நலன் முரண்பாடு என்று இன்றைய நிர்வாகப் பாடநூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அறிய இந்த ஒரு கேள்வி போதும். ஆசிரியனாக எனக்கு இது சுடுகிற கேள்வி. முதலாம் ஆண்டு அனுமதி நடக்கிற மாதங்களில் ஆசிரியர் வீட்டுக்கு வருகிற வட்டிலப்பத் தட்டுக்கு அந்தக் கேள்வியைப் பொருத்திப் பார்க்கலாம். நான் வீட்டில் சும்மா இருந்தால் அந்தத் தட்டு வருமா?

உமர் (றழி) அவர்கள் இதை நிர்வாக ஒழுங்காகவே மாற்றினார்கள். ஆளுநர்களை நியமிக்கும்போது அவர்களுடைய சொத்தை எழுதி வைத்தார்கள். பிறகு நியாயமாக வளர்ந்திருக்க முடியாத அளவுக்குச் சொத்துப் பெருகியதாகக் கண்டால் அதில் பாதியை பைத்துல்மாலுக்கு எடுத்தார்கள். மிஸ்ரை வெற்றிகொண்ட அம்ர் இப்னுல் ஆஸ் (றழி) அவர்களிடமே முஹம்மத் இப்னு மஸ்லமா (றழி) அனுப்பப்பட்டு சொத்து பங்கிடப்பட்டதை பலாதுரீ பதிந்திருக்கிறார். பஹ்ரைனில் பணியாற்றிய அபூஹுரைரா (றழி) அவர்களிடமும் கணக்குக் கேட்கப்பட்டது. குதிரைகள் ஈன்றன, வியாபாரம் நடந்தது என்று அவர் விளக்கம் சொன்னார். ஆனாலும் பணம் எடுக்கப்பட்டது. பின்னர் மீண்டும் பதவி கொடுக்கப்பட்டபோது அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இந்த முறையில் ஒரு கரடுமுரடு இருக்கிறது. குற்றம் நிரூபிக்காமல் பாதியை எடுப்பதை இன்றைய சட்டம் ஏற்காது. உமர் (றழி) அவர்களும் இதைத் திருட்டுக்குரிய தண்டனையாகச் செய்ததாகத் தெரியவில்லை. பதவியின் நிழலில் வளர்ந்த வியாபாரத்தில் பொதுமக்களுக்கும் பங்கு உண்டு என்ற கணக்காகவே பல அறிஞர்கள் இதை விளங்கியிருக்கிறார்கள். எப்படியிருந்தாலும் முதல் நாள் எழுதி வைத்த பட்டியல்தான் இதில் முக்கியம். அது இல்லாவிட்டால் கடைசி நாள் சொத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. நம் நாட்டில் 1975ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சொத்துகள் மற்றும் பொறுப்புகள் வெளிப்படுத்தல் சட்டம் கேட்டதும் அந்தப் பட்டியலைத்தான்.

முஹம்மத் இப்னு மஸ்லமாவின் இன்னொரு பயணமும் முக்கியமானது. கூபா மக்கள் தங்கள் ஆளுநர் ஸஃத் இப்னு அபீவக்காஸ் (றழி) மீது முறைப்பாடு செய்தார்கள், தொழுகையைக்கூட ஒழுங்காக நடத்துவதில்லை என்றார்கள். சுவர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர் மீது வந்த முறைப்பாடு இது. உமர் (றழி) அதைத் தூக்கி எறியவில்லை. கூபாவுக்கு ஆளனுப்பி, பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் போய் விசாரிக்க வைத்தார்கள். எல்லோரும் நல்லதே சொன்னார்கள். ஒரு பள்ளிவாசலில் ஒரே ஒருவர்தான் குற்றம் சொன்னார், அதுவும் பொய். அப்படியிருந்தும் ஸஃத் அவர்கள் பதவியில் இருந்து எடுக்கப்பட்டார்கள். ஆனால் உமர் (றழி) மரணப்படுக்கையில் அடுத்த கலீபாவைத் தேர்ந்தெடுக்க நியமித்த ஆறு பேரில் ஸஃத் அவர்களையும் சேர்த்தார்கள். திறமைக் குறைவாலோ மோசடியாலோ அவரை நான் நீக்கவில்லை என்று தெளிவும் சொன்னார்கள். விசாரிப்பதும் சந்தேகிப்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியாது.

முஹ்தஸிப் என்ற உத்தியோகம் முழுமையாக உருவானது அப்பாஸியர் காலத்தில். அதன் சட்ட வடிவத்தை ஹிஜ்ரி 450இல் வபாத்தான மாவர்தீ தன் அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில் தந்திருக்கிறார். தானாக முன்வந்து தீமையைத் தடுப்பவரையும் நியமிக்கப்பட்ட முஹ்தஸிபையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். நியமிக்கப்பட்டவருக்கு பைத்துல்மாலிலிருந்து சம்பளம் உண்டு, முறைப்பாட்டை ஏற்காமல் ஒதுங்க அவருக்கு உரிமை இல்லை. அதேவேளை மறைந்திருப்பதைத் துருவிப் பார்க்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. கொலை போன்ற, பிறகு சரிசெய்ய முடியாத கேடு நடக்கப்போகிறது என்று நம்பகமாகத் தெரிந்தால் மட்டுமே விதிவிலக்கு. பிரம்போடு வீடு வீடாக எட்டிப் பார்க்கிறவர்களுக்கு மாவர்தீயிடம் ஆதாரம் கிடைக்காது.

ஆனால் உயிர்ப்பு உள்ளது ஷைஸரீயின் நாற்பது அத்தியாயங்களில்தான். மாப் பிசைகிறவன் காலால் பிசையக்கூடாது. ஒடுக்கமான கைச்சட்டை போட வேண்டும், தும்மினால் எச்சில் தெறிக்காமல் வாயை மூடிக் கட்ட வேண்டும், வியர்வை சொட்டாமல் நெற்றியில் துணி கட்ட வேண்டும், கை மயிரை மழிக்க வேண்டும், பக்கத்தில் ஒருவன் ஈ விரட்ட வேண்டும். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அறிய ஒரு மயிரை அதில் தோய்த்து எடுத்துப் பார்க்க வேண்டும், பால் ஒட்டாவிட்டால் தண்ணீர். ஹரீஸா சமைப்பவனின் பானைக்குள் எவ்வளவு இறைச்சி போகிறது என்று பார்த்து, இரவில் பானைக்கு முத்திரையிட்டு, ஸுபஹில்தான் உடைக்க வேண்டும். கண் வைத்தியர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் கண் பற்றிய பத்துக் கட்டுரைகளில் பரீட்சிக்கப்பட வேண்டும். இதையெல்லாம் வாசிக்கும்போது, நம்மூர் ஹோட்டல் குசினிகளுக்குள் ஷைஸரீயை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போக வேண்டும்போல இருக்கும்.

ஒரே மனிதனுக்கு எல்லாத் தொழிலின் களவும் தெரியுமா? தெரியாது. அதனால் ஒவ்வொரு தொழிலிலிருந்தும் நேர்மையும் கைத்திறனும் உள்ள ஒருவரை 'அரீப்' ஆக முஹ்தஸிப் தெரிவு செய்ய வேண்டும் என்கிறார் ஷைஸரீ. தொழிலுக்குள் இருந்துகொண்டே அந்தத் தொழிலின் தில்லுமுல்லைச் சொல்லக்கூடியவர். இன்று பெரிய கம்பனிகளில் சட்ட இணக்க அதிகாரி என்று ஒருவரை வைத்திருக்கிறார்களே, அவருடைய மூதாதை இந்த அரீப் எனலாம். அடுத்ததாக ஷைஸரீ சொல்வது இன்னும் கூர்மையானது. முஹ்தஸிப் தொழிலாளரிடமிருந்தும் வியாபாரிகளிடமிருந்தும் அன்பளிப்பு வாங்கக்கூடாது, அது இலஞ்சம். அவருடைய வேலையாட்களும் உதவியாளரும் வாங்கக்கூடாது. முஹ்தஸிப் மீது வருகிற பெரும்பாலான பழி அவர்கள் வழியாகத்தான் வருகிறது.

திமிஷ்கின் அதிபதி துக்தகீன் பற்றிய கதையையும் ஷைஸரீ சொல்கிறார். முஹ்தஸிபாக ஒருவரை நியமிக்க விரும்பி ஓர் ஆலிமை அழைத்தார் துக்தகீன். நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் பொறுப்பை உமக்குத் தருகிறேன் என்றார். அப்படியானால் முதலில் இந்த மெத்தையை விட்டு எழும்புங்கள், அந்தத் தலையணையையும் எடுங்கள், இரண்டும் பட்டு, அந்த மோதிரத்தைக் கழற்றுங்கள், அது தங்கம் என்றார் ஆலிம். துக்தகீன் எழும்பினார், கழற்றினார், காவல் பொறுப்பையும் சேர்த்து அவரிடமே கொடுத்தார். அந்த ஆலிமைவிட எனக்கு மெத்தையிலிருந்து எழும்பிய துக்தகீனைத்தான் பிடிக்கும். அவரைப் போன்றவர்கள் குறைவு.

இத்தனை ஒழுங்கும் எப்படிச் சரிந்தது? பதில் மம்லூக்கியர் காலக் கெய்ரோவில் இருக்கிறது. வரலாற்றாசிரியர் மக்ரீஸீ 1399இல் கெய்ரோவின் முஹ்தஸிபாக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் அவர் நீக்கப்பட்டு பத்ருத்தீன் அல்அய்னீ அந்த இடத்துக்கு வந்தார். புகாரிக்கு உம்ததுல் காரீ என்ற விரிவுரை எழுதிய அதே அய்னீதான். இருவருக்குமிடையே பதவி மாறி மாறிப் போய் வந்தது, இருவரும் தம் நூல்களில் ஒருவரையொருவர் நல்லதாகச் சொன்னதும் குறைவு. பெரிய ஆலிம்களும் மனிதர்கள்தான்.

பிறகு நைல் பெருக்கு குறைந்தது, பஞ்சம் வந்தது, கொள்ளை நோய் வந்தது. ஹிஜ்ரி 808இல், அதாவது 1405இல், மக்ரீஸீ பஞ்சம் பற்றி இகாஸதுல் உம்மா என்ற சிறு நூலை எழுதினார். ஆற்றை மட்டும் குற்றம் சொல்லி அவர் முடிக்கவில்லை. மூன்று காரணங்களை வைக்கிறார். முதலாவது, வஸீர் பதவி, காழி பதவி, மாகாண ஆட்சி, ஹிஸ்பா எல்லாம் காசுக்கு விற்கப்பட்டது. இரண்டாவது, நிலக் குத்தகை ஏறியது. மூன்றாவது, வெள்ளி நாணயம் மறைந்து செப்புக் காசு பெருகியது. முதலாவதை அவர் விளக்குகிற விதம் இன்றும் பயமூட்டும். பதவி வாங்க ஒருவன் கடன் படுகிறான். பதவி வந்ததும் கடன்காரன் வாசலில் நிற்கிறான். கடனை அடைக்கத் தனக்குக் கீழே உள்ளவனைப் பிழிகிறான், அவன் தனக்குக் கீழே உள்ளவனைப் பிழிகிறான், கடைசியில் பிழியப்படுகிறவன் வயலில் நிற்கிறான். வயல்காரன் ஊரை விட்டு ஓடுகிறான், விளைச்சல் குறைகிறது. இதை எழுதியவர் அந்தக் கதிரையில் இருந்து எழும்பியவர் என்பதால் இந்த நூலுக்கு வேறொரு கனம் இருக்கிறது. படிக்கல்லுக்கு முத்திரை அடிக்கிற பதவியே விலைக்குப் போன பின் படிக்கல்லில் என்ன நிறை இருக்கும்?

பெயர் மட்டும் வெகுதூரம் போனது. 1238இல் வலென்ஸியாவை ஜேம்ஸ் மன்னன் கைப்பற்றிய பின்னரும் கிறிஸ்தவ ஆட்சி அந்த உத்தியோகத்தைக் கைவிடவில்லை, முஸ்தஸாப் என்று அழைத்தது. ஸ்பானிய மொழியில் நிறுவை அளவை பரிசோதகருக்கு அல்மொத்தஸேன் என்ற சொல் இருக்கிறது. உஸ்மானியர் 1826இல் இஹ்திஸாப் அமைச்சு ஒன்றையே நிறுவினார்கள், சில பத்தாண்டுகளில் அது நகராட்சிக்குள் கரைந்துபோனது.

நம் நாட்டிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. 1954இல் இலஞ்சச் சட்டம், 1994இல் ஆணைக்குழு, 2023இல் ஊழல் எதிர்ப்புச் சட்டம். அரசியல்வாதிகளின் ஊழலைப் பற்றி நாம் தேநீர்க் கடையில் இருந்து மணிக்கணக்காகக் கதைக்கிறோம். அதில் பிழையில்லை. ஆனால் நம் கையில் இருக்கிற பைத்துல்மால், ஸகாத் நிதி, பள்ளிவாசல் உண்டியல் என்று வரும்போது கதை மாறிவிடுகிறது.

சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு மஹல்லாவில் ஜும்ஆவுக்குப் பிறகு ஓர் இளைஞர் எழும்பி, ஸகாத் கணக்கைச் சபையில் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நிருவாகத்தில் இருந்த வயதான ஒருவர் உண்மையாகவே நொந்துபோனார். நல்ல மனிதர், ஒரு சதம் தொடமாட்டார் என்று ஊரே சொல்லும். "என்ட வயசுக்கு என்ன நம்பல்லையா தம்பி?" என்று கேட்டார். பள்ளி அமைதியாகிவிட்டது. அந்த இளைஞருக்கும் பதில் வரவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு மௌலவி எழும்பி, கூபாவுக்கு ஆளனுப்பிய கதையைச் சொன்னார், ஸஃத் (றழி) அவர்களின் பெயரையும் சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பெரியவரே கணக்குக் கொப்பியைக் கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரவையும் செலவையும் ஒவ்வொன்றாக வாசித்தார். இடையில் ஒரு கூட்டல் பிழை தெரிந்தது, நூற்றி ஐம்பது ரூபாய். அங்கேயே பேனையால் திருத்தினார். ஒருவரும் எழும்பிப் போகவில்லை.