311: நகராட்சிச் சேவைத் தொலைபேசி எண்

நகர நிர்வாகத்தின் சகல இலாகாக்களையும் ஒரே எண்ணின் வாயிலாகப் பொதுமக்கள் அணுகும்பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் ஏற்பட்ட தொலைபேசிச் சேவை 311 என வழங்கும். சாலைக் குழி, எரியாத தெருவிளக்கு, அள்ளப்படாத குப்பை, இரவில் ஓயாத இரைச்சல் முதலாக, உயிருக்கு உடனடி அபாயம் விளைவிக்காதனவாயினும் அன்றாட வாழ்வை அல்லலுக்குள்ளாக்கும் விஷயங்கள் இதன் வரம்பில் அடங்கும். எந்தக் குறைக்கு எந்த இலாகா பொறுப்பு என்று தேடி அறியும் சுமையைப் பிரஜையிடமிருந்து நீக்கி, அதை நகர நிர்வாகமே ஏற்றுக்கொண்டது என்பதே ஸ்தல ஸ்தாபனங்களின் வரலாற்றில் இவ்வெண்ணுக்குரிய சிறப்பாகும்.

தோற்றம்

311இன் தோற்றம் அவசர உதவி எண்களின் வரலாற்றோடு பிணைந்தது. 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் மாண்டபோது, தீயணைப்புப் படையை அழைக்க முயன்ற அண்டை வீட்டார் தொலைபேசி நிலையத்தின் பதிலுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. அதனால் எழுந்த கவலையின் பயனாக, அவசர உதவிக்கென 999 என்னும் எண் 1937 ஜூன் 30ஆம் தேதி அந்நகரில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் இதையொத்த 911 என்னும் எண்ணில் முதல் அழைப்பு, 1968 பிப்ரவரி 16ஆம் தேதி அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரில் நிகழ்ந்தது. நினைவில் எளிதில் நிற்கும் அந்த எண் எங்கும் பரவிய பின்னர், குரைக்கும் நாய்க்கும் வழிமறித்து நிறுத்திய வண்டிக்கும்கூட ஜனங்கள் அதையே சுழற்றத் தொடங்கினமையால், மெய்யாகவே ஆபத்தில் இருப்பவரின் அழைப்பு தாமதப்படும் நிலை ஏற்பட்டது.

இந்நெருக்கடிக்குப் பரிகாரமாக, மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரம் 1996 அக்டோபரில் மத்திய நீதி இலாகாவின் உதவியோடு, அவசரமல்லாத போலீஸ் விஷயங்களுக்கென 311 என்னும் எண்ணைச் சோதனையாகத் தொடங்கியது. மறு ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்க மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் அவ்வெண்ணை நாடு முழுவதற்கும் இக்காரியத்துக்கென ஒதுக்கியது.

விரிவு

போலீஸ் அழைப்புகளைக் குறைக்கப் பிறந்த எண்ணை நகராட்சியின் பொதுவாயிலாக மாற்றிய பெருமை, 1999இல் எல்லா இலாகாக்களின் சேவைகளையும் அதன்கீழ்க் கொண்டுவந்த சிகாகோ நகருக்கு உரியது. நியூயார்க்கில், மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் ஆட்சியில், 40க்கும் மேற்பட்ட அழைப்பு நிலையங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டு 2003 மார்ச்சில் இச்சேவை தொடங்கிற்று. கனடாவில் கால்கரி நகரம் 2005இல் இதைப் பின்பற்றியது.

இயங்கும் முறை

அழைப்பை ஏற்கும் ஊழியர், தம் கணினித் திரையில் தோன்றும் கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, குறையின் தன்மையையும் இடத்தையும் பதிந்துகொள்வார். உடனே அப்புகாருக்கு ஒரு வரிசை எண் பிறக்கும். உரிய இலாகாவுக்கு அது தானே சென்று சேரும். இன்ன வேலை இத்தனை நாளில் முடியவேண்டும் என்ற கெடுவும் உடன் விதிக்கப்படும். வாய்மொழியாகச் சொல்லப்பட்டு உத்தியோகஸ்தரின் மறதியில் கரைந்துபோன முறையீடு, தேதியும் நேரமும் கொண்ட பதிவாகிவிடுவதால், புகார் செய்தவர் அதன் நிலையை வினவவும், மேலதிகாரி தாமதத்துக்குக் காரணம் கேட்கவும் ஆதாரம் கிடைக்கிறது. பால்டிமோர் மேயர் மார்ட்டின் ஓமாலி 2000இல் ஏற்படுத்திய சிட்டிஸ்டாட் என்னும் முறையில், இலாகாத் தலைவர்கள் இரு வாரங்களுக்கு ஒருமுறை அழைக்கப்பட்டு, அத்தகைய புள்ளிவிவரங்களை முன்வைத்தே விசாரிக்கப்பட்டனர். சாலைக் குழிகளை 48 மணி நேரத்துக்குள் அடைப்பதாக அந்நகர் வாக்களிக்க முடிந்ததும் இவ்வகைக் கண்காணிப்பின் பலனேயாம்.

திரண்ட அறிவு

தனித்தனியே அற்பமாகத் தோன்றும் அழைப்புகள் ஒருங்கு சேரும்போது, நிர்வாகம் முன்னறியாத உண்மைகளைப் புலப்படுத்தும். 2003 ஆகஸ்டில் வடகிழக்கு அமெரிக்காவின் பல பகுதிகளில் மின்சாரம் தடைப்பட்டபோது, குளிர்ப்பெட்டி இயங்காத நிலையில் இன்சுலின் மருந்து எவ்வளவு நேரம் கெடாதிருக்கும் என்று நீரிழிவு நோயாளிகள் நியூயார்க்கின் 311ஐ அழைத்து வினவினர்; திட்டமிட்டோர் எவரும் எதிர்பாராத அவ்வினாவுக்கு மேயரே பகிரங்கமாக விடையளிக்க நேர்ந்தது. 2005 முதல் அந்நகரின் சில பகுதிகளில் அவ்வப்போது மேப்பிள் பாகின் இனிய மணம் வீசி, ஜனங்களை அச்சுறுத்தியது. அழைப்புகள் வந்த இடங்களையும் காற்றின் திசையையும் வரைபடத்தில் குறித்து ஆராய்ந்த அதிகாரிகள், ஹட்சன் நதிக்கு அப்பால் நியூ ஜெர்சியில் இருந்த ஒரு வாசனைப் பொருள் தொழிற்சாலையில் வெந்தயம் பக்குவப்படுத்தப்படுவதே அதன் காரணம் என்று 2009இல் வெளியிட்டனர்.

கைப்பேசிக் காலம்

இருப்பிடத்தைத் தானே கணிக்கும் கைப்பேசிகள் பரவத் தொடங்கிய காலத்தில், குறையைப் புகைப்படத்தோடு அனுப்பும் வழிகள் தோன்றின. பிரிட்டனில் 2007இல் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்னும் இணையதளம், பாஸ்டன் நகரம் 2009இல் வெளியிட்ட கைப்பேசிச் செயலி ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இந்தியாவிலும் இந்நோக்கமுடைய ஏற்பாடுகள் உள்ளன. சென்னை மாநகராட்சியின் 1913 என்னும் எண்ணுக்கு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தெருவில் தேங்கிய நீரையும் சாய்ந்த மரங்களையும் பற்றிய அழைப்புகள் மிகுதியாக வருகின்றன.

மதிப்பீடு

அழைப்பவரின் குறையே பதிவாகுமாதலால், தொலைபேசி வசதியோ மொழிப் பழக்கமோ அரசாங்கத்தின்மீது நம்பிக்கையோ இல்லாதவர் வாழும் பகுதி, புள்ளிவிவரத்தில் குறையற்றதுபோல் தோன்றக்கூடும். வேலை முடியாமலே புகாரை முடிந்ததாகக் குறித்துவிடும் வழக்கமும் உண்டு. நியூயார்க் 170க்கும் மேற்பட்ட மொழிகளில் உரைபெயர்ப்பு வசதி அளிப்பது முதற்குறைக்கு ஓரளவு பரிகாரமாகும். இரண்டாவதற்கு, புகார் செய்தவரிடமே கேட்டறிந்த பின்னரே பதிவை முடிக்கும் விதி அவசியம். குழியை அடைக்கும் தாரும் கல்லும், அதைச் செய்யும் ஆட்களும் போதிய அளவில் இல்லாத இடத்தில், எண் எவ்வளவு விரைவாகப் பதிலளிப்பினும் பிரயோஜனம் சிறிதே. அவை உள்ள இடத்திலோ, சிபாரிசும் செல்வாக்கும் அற்ற சாமானியரின் முறையீட்டுக்கும் பிரமுகரின் முறையீட்டுக்கும் ஒரே வரிசையில் இடமளிப்பதால், இது ஜனநாயகத்துக்கு இயைந்த நிர்வாகச் சாதனமாக விளங்குகிறது.