பெயர் சொல்லாத சட்டமும் பெயர் சொன்ன மனிதரும்

ஆங்கில நாட்டிலே, தேம்ஸ் நதியை அண்மித்து, றெடிங் என்றொரு நகரம் உண்டு. ஹன்ட்லி அன்ட் பாமர்ஸ் என்னும் பிஸ்கற்றுத் தொழிற்சாலையால் அந்நகர் ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்தது. அத்தொழிற்சாலைக்கு அருகிலேயே ஒரு சிறைச்சாலையும் இருந்தது. 1895 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒஸ்கார் வைல்ட் என்னும் புகழ்பெற்ற நாடகாசிரியர் அச்சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். ஆடவரோடு உறவு கொண்டமையே அவர்மீது நாட்டப்பட்ட குற்றம். கடுங்காவலுடன் இரண்டாண்டுச் சிறையே அவருக்குக் கிடைத்த தண்டனை.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்தபின், அதே நகரத்துப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தராயிருந்த ஜோன் வுல்பென்டன் என்பவர், அதே சட்டத்தை ஆராயும் குழுவுக்குத் தலைவரானார். அக்குழுவின் கடிதங்களைப் பெண் எழுதுவினைஞரும் கையாள வேண்டியிருந்தமையால், விசாரணைக்குரிய பொருளின் பெயரைச் சொல்லவே குழுவினர் கூசினர். சமபாலீர்ப்பினருக்கு "ஹன்ட்லி" என்றும், விலைமாதருக்குப் "பாமர்" என்றும் மறைமொழி வகுத்துக்கொண்டனர். சட்டம் இயற்றலாம், சிறையில் அடைக்கலாம்; ஆனால் வாய்விட்டுப் பெயர் சொல்லுதல் ஆகாது என்பதே அக்காலத்து நிலை. தம்மையொத்த பாலாரிடம் அன்பும் நாட்டமும் கொண்டோர் தம் உரிமைக்காக நடத்திய இயக்கத்தின் வரலாறு, ஒருவகையில், இம்மௌனம் கலைந்த வரலாறேயாகும்.

முதலில் அச்சட்டம் பிறந்த கதையை நோக்குவோம். 1885 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், இளம் பெண்களைப் பாதுகாக்கும் நோக்குடன் ஒரு மசோதா பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. ஓரிரவு, உறுப்பினர் சிலரே சபையிலிருந்த வேளையில், ஹென்றி லபூஷெர் என்பவர் ஒரு திருத்தத்தை முன்வைத்தார். ஆடவர் இருவர் பொது இடத்திலாயினும் தனிமையிலாயினும் "பெரும் இழிசெயல்" புரிந்தால் அது குற்றமாகும் என்பதே அத்திருத்தம். அது நீண்ட விவாதமின்றி நிறைவேறிற்று. இழிசெயல் யாது என்று சட்டம் விளக்கவில்லை. தனிமையிலாயினும் என்ற சொல்லோ பூட்டிய கதவையும் திறந்துவிட்டது. கடிதமொன்றைக் காட்டி அச்சுறுத்திப் பொருள் பறிப்போருக்கு இச்சட்டம் பெருந்துணையாயிற்று. ஆகவே "பணம் பறிப்போரின் பட்டயம்" என்றே மக்கள் இதனை அழைக்கலாயினர்.

சட்டத்தின் கொடுமைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். அலன் டியூரிங் என்னும் கணித மேதை, இரண்டாம் உலகப் போரிலே பகைவரின் மறைமொழிகளை உடைத்துத் தம் நாட்டுக்குப் பெருந்தொண்டு புரிந்தவர். 1952 இல் தம் வீட்டில் நிகழ்ந்த களவைப் பற்றிப் பொலீசாரிடம் முறையிட்டார். விசாரணையோ களவை விட்டு அவருடைய அந்தரங்க வாழ்வின்மீது பாய்ந்தது. முறையிடச் சென்றவரே குற்றவாளியானார். சிறைக்குப் பதிலாக உடலின் இயல்பை மாற்றும் மருந்தேற்றலுக்கு அவர் உடன்பட நேர்ந்தது. 1954 ஜூன் மாதத்தில் அவர் உயிர் நீத்தார்.

அதே 1954 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடந்த மற்றொரு வழக்கு பொதுமக்களின் மனச்சான்றை அசைத்தது. பீற்றர் வைல்ட்பிளட் என்னும் பத்திரிகையாளர், மொன்றேகு பிரபு முதலியோருடன் குற்றக்கூண்டில் நிறுத்தப்பட்டார். தாம் சமபாலீர்ப்பினர் என்பதை நீதிமன்றத்திலேயே அவர் ஒளியாது ஒப்புக்கொண்டார். பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்று வெளிவந்தபின், தம் அனுபவத்தைத் தம் பெயரிலேயே நூலாக எழுதினார். பின்னர் வுல்பென்டன் குழுவின் முன்னும் சாட்சியம் அளித்தார். மறைந்து வாழ்ந்தோரின் துன்பத்தை, மறையாத ஒருவர் வாயிலாக அக்குழு கேட்டது.

1954 ஆகஸ்டில் அமைக்கப்பட்ட அக்குழுவிலே சட்டவல்லுநர், மருத்துவர், சமயகுருமார், பாராளுமன்ற உறுப்பினர் ஆகியோர் இடம்பெற்றனர். அறுபத்திரண்டு நாட்கள் கூடி ஆராய்ந்து, 1957 செப்டெம்பரில் தம் அறிக்கையை வெளியிட்டனர். இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவர் இருவர் தம் சம்மதத்துடன் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது என்பதே அவர்களின் பரிந்துரை. உறுப்பினர் பதின்மூவரில் ஒருவரே இதனை ஏற்க மறுத்தார். குழுவினர் அவ்வுறவைப் போற்றவில்லை. பலர் அதனை ஒழுக்கக்கேடு என்றே கருதினர். ஆயினும், ஒழுக்கம் வேறு, குற்றம் வேறு. தனிமனிதனின் மனச்சான்றுக்கு விடவேண்டியவற்றில் சட்டம் தலையிடலாகாது என்று அவர்கள் கண்டனர். தமக்கு உவப்பில்லாததையும் நீதியின் தராசில் நிறுத்திப் பார்த்தமையே அவர்களின் பெருமை.

அறிக்கை எழுந்தவுடன் சட்டம் மாறிவிடவில்லை. பொது ஒழுக்கம் சிதைந்தால் சமுதாயமே சிதையும் என்று 1959 இல் நீதிபதி டெவ்லின் வாதிட்டார். பெரும்பான்மையோரின் வெறுப்பு மாத்திரம் ஒருவரைத் தண்டிப்பதற்குப் போதிய காரணமாகாது என்று ஒக்ஸ்போட் பேராசிரியர் ஹாட் மறுத்துரைத்தார். இதற்கு முன்னரே, 1958 மார்ச்சில், முன்னாட் பிரதமர் அற்லி, தத்துவஞானி பேட்ரன்ட் ரசல் உள்ளிட்ட பலர், பரிந்துரையை நிறைவேற்றுமாறு "ரைம்ஸ்" பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் கையொப்பமிட்டனர். அதே ஆண்டிலே சட்டச் சீர்திருத்தத்துக்கென ஒரு சங்கமும் தோன்றிற்று.

1960 இல் பொதுமக்கள் சபையிலே பரிந்துரையை ஆதரித்தோர் 99 பேர். எதிர்த்தோர் 213 பேர். ஆயினும் பிரபுக்கள் சபையில் அரன் பிரபுவும், பொதுமக்கள் சபையில் லியோ ஏப்ஸ் என்பவரும் தளராது முயன்றனர். 1967 ஜூலையில், இரவு முழுவதும் நீடித்த அமர்வின் முடிவிலே, 99 பேர் ஆதரிக்க, 14 பேர் எதிர்க்க, மசோதா நிறைவேறிற்று. ஏழாண்டுகளுக்கு முன் தோல்வியாயிருந்த எண்ணே அன்று வெற்றியாயிற்று. ஓரிரவில் ஆராயாது இயற்றிய சட்டம், எண்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, மற்றோரிரவில் ஆராய்ந்து திருத்தப்பட்டது.

அவ்வெற்றியும் குறைவுடையதே. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் மட்டுமே அது பொருந்தியது, படைவீரருக்குப் பொருந்தவில்லை. விடுதலை பெற்றோர் அடக்கமாக இருந்து நன்றி காட்டுக என்று அரன் பிரபுவே அறிவுரை கூறினார். இளைய தலைமுறையினர் அவ்வடக்கத்தை ஏற்கவில்லை. 1972 ஜூலை 1 ஆந் தேதி, அவர்கள் இலண்டன் வீதிகளில் முகம் மறைக்காது ஊர்வலம் சென்றனர். ஸ்கொட்லாந்தில் 1980 இல் சட்டம் திருத்தப்பட்டது. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் 1981 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பயனாக, 1982 இல் வட அயர்லாந்திலும் அது மாறிற்று.

இவ்வரலாறு நமக்கு அயலதன்று. ஆங்கிலேயர் 1860 இல் இந்தியாவுக்கு வகுத்த தண்டனைச் சட்டக்கோவையைத் தழுவியே, 1883 இல் இலங்கையின் கோவையும் அமைந்தது. அதன் 365 ஆம் பிரிவு "இயற்கை ஒழுங்குக்கு மாறான" உறவு என்று மட்டுமே கூறும். 365அ பிரிவிலோ லபூஷெரின் சொற்களே எதிரொலிக்கும். 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் "ஆண்" என்னும் சொல் நீங்கவே, பெண்களும் அதன் வலைக்குள் வந்தனர். இந்திய உயர் நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6 ஆந் தேதி, வயதுவந்தோர் சம்மதத்துடன் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமன்று எனத் தீர்த்தது. இலங்கையிலே, இப்பிரிவுகளைத் திருத்த முன்வைக்கப்பட்ட தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

நேயர்களே, பெயர் சொல்லக் கூசும் பொருளை நீதியுடன் ஆராய்தல் எவர்க்கும் அரிது. நாம் பேசாது விட்டவற்றின் சுமையை யாரோ ஒருவர் நம் அயல்வீட்டில், நம் சொந்த வீட்டிற்கூட, தனியே சுமந்திருக்கக்கூடும். வைல்ட்பிளட் வாய் திறந்தார். வுல்பென்டன் செவி கொடுத்தார். சட்டம் மாறியது அதன் பின்னரே.