பதினைந்து நாளும் நான்கு மாதமும்: இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 36இல் குடும்பத்துக்குரிய காலம்

இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 36ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் தொடர்பாக இரண்டு காலவரம்புகளை விதிக்கிறது. சமூக விசாரணை 15 நாட்களுக்குள் முடிய வேண்டும். குழந்தை முதன்முதலாக முன்னிலைப்படுத்தப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் குழந்தைகள் நலக்குழு இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும். இவ்விரண்டையும் தாமதத்தைத் தடுக்கும் நடைமுறை விதிகளாக மட்டுமே படிப்பது ஆய்வாளர்களிடையே வழக்கமாகியிருக்கிறது. அந்த வாசிப்பின்படி, சமூக விசாரணை அறிக்கை குழுவின் மேசைக்குப் போனதும் சமூகப் பணியாளரின் வேலை முடிந்துவிடுகிறது. எஞ்சும் மூன்றரை மாதம் குழு கூடி முடிவெடுப்பதற்கான அவகாசம். அந்த மூன்றரை மாதம் குடும்பத்தோடு பணியாற்றுவதற்கான காலம் என்பதும், அப்பணி நடந்ததற்குச் சான்று இல்லாமல் குழந்தையைக் குழந்தைகள் இல்லத்தில் வைக்கும் இறுதி ஆணை சட்டத்தின் நெறியோடு பொருந்தாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆகவே பிரிவின் அமைப்பைக் கொண்டே வாதத்தை நிறுவ வேண்டியிருக்கிறது. 36(1)இன்படி, விசாரணைக் காலத்தில் குழந்தையை இல்லத்துக்கோ தகுதியான நபரிடமோ அனுப்பவும், சமூகப் பணியாளர் அல்லது குழந்தை நல அலுவலர் மூலம் விரைவான சமூக விசாரணை நடத்தவும் குழு ஆணையிடலாம். 36(3) விசாரணை முடிந்த பிறகான நிலையைப் பற்றியது. குழந்தைக்குக் குடும்பமோ வேறு ஆதரவோ இல்லை, அல்லது பராமரிப்பும் பாதுகாப்பும் தொடர்ந்து தேவைப்படுகின்றன என்று குழு கருதினால் மட்டுமே இல்லம், வளர்ப்புக் குடும்பம் முதலியவற்றுக்கு அனுப்பும் அதிகாரம் எழுகிறது.

தேவை தொடர்கிறதா என்று கேட்பதற்கு இரண்டு தருணங்களை ஒப்பிட வேண்டும்: குழந்தை வந்தபோது வீடு இருந்த நிலை, ஆணை பிறப்பிக்கும்போது வீடு இருக்கும் நிலை. இடையில் எவரும் எதையும் செய்யாதிருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. பதினைந்தாம் நாள் எழுதிய அறிக்கையை நான்காம் மாதம் எடுத்துப் படித்து, தேவை தொடர்கிறது என்று முடிவு செய்யும் குழு முதல் தருணத்தை மட்டுமே இருமுறை பார்க்கிறது. வழக்கமான வாசிப்பு இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. அறிக்கைக்கும் ஆணைக்கும் நடுவில் பணி எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை என்றால், சட்டம் இவ்வளவு நீண்ட இடைவெளியை அனுமதித்திருக்க வேண்டியதில்லை.

சட்டத்தின் பிற பகுதிகளும் இவ்வாசிப்புக்குத் துணைநிற்கின்றன. பிரிவு 3இன் நெறிகளுள் ஒன்று, நியாயமான விசாரணைக்குப் பிறகு கடைசி வழியாகவே குழந்தையை நிறுவனத்தில் சேர்க்க வேண்டும் என்கிறது. ஒன்றைக் கடைசி வழி என்று சொல்ல, முந்தைய வழிகள் முயன்று பார்க்கப்பட்டிருக்க வேண்டும். கண்காணிப்புடனோ கண்காணிப்பின்றியோ குழந்தையைக் குடும்பத்திடம் ஒப்படைக்க 37ஆம் பிரிவு வழிசெய்கிறது. நிதி ஆதரவு ஆணைக்கும் அதிலேயே இடமுண்டு. 45ஆம் பிரிவு குடும்பங்களுக்கே துணை உதவி வழங்கலாம் என்கிறது. ஏழ்மை ஒன்றையே காரணமாகக் கொண்டு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் கூறுவதும் இதே திசையில்தான்.

அந்த மூன்றரை மாதத்தில் செய்யக்கூடியது என்ன? கணவன் விட்டுப்போன, செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். பகலில் கவனிக்க ஆளில்லாமல் தெருவில் திரிந்த அவருடைய மகன் குழுவின் முன் நிறுத்தப்படுகிறான். கவனிக்க ஆளில்லை, வருமானம் போதாது என்று அறிக்கை சொல்லும், இரண்டும் உண்மை. ஒன்றிய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கும், பிற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாத குடும்பங்கள் இதற்குத் தகுதி பெறும். குடும்பத்தால் கைவிடப்பட்ட தாயின் குழந்தையைச் சட்டமே தகுதிப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் வருமானச் சான்று வேண்டும்; கைவிடப்பட்ட பெண் என்பதற்கான சான்று வேண்டும்; வங்கிக் கணக்கு வேண்டும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு அலைய அந்தத் தாயால் எத்தனை முறை முடியும்? கிராம நிர்வாக அலுவலரைப் பார்ப்பது, பள்ளியில் மகனை மீண்டும் சேர்ப்பது, மாலையில் அவனைக் கவனிக்கப் பாட்டியிடமோ சித்தியிடமோ பேசுவது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பத்தை நகர்த்துவது: இவையெல்லாம் பதினைந்து நாளில் முடிந்துவிடாது. எல்லாமே நான்கு மாதத்துக்குள் முடியக்கூடியவை.

குழந்தையைக் குடும்பத்திடமிருந்து பிரித்த பிறகே உதவி வரும் வழக்கம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது. இல்லங்களிலிருந்து குழந்தைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு, 2020 டிசம்பரில்தான் அவர்களின் கல்விக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. வரவேற்கத்தக்க ஆணைதான். அத்தகைய உதவி முன்பே கிடைத்திருந்தால், அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டைவிட்டுப் போயிருக்கவே வேண்டியதில்லை என்று கருத இடமுண்டு.

எதிர்வாதங்களில் கனமானது ஒன்று. வன்முறையோ பாலியல் கொடுமையோ நிகழ்ந்த வீட்டில் குடும்பத்தோடு பணி என்ற பெயரில் காலம் கடத்தினால் குழந்தைக்கு ஆபத்து. உண்மைதான். எனினும் இவ்வாசிப்பு குழந்தையை ஆபத்தான வீட்டில் விட்டுவைக்கச் சொல்லவில்லை. பாதுகாப்பான இடத்தில் வைக்கும் இடைக்கால அதிகாரம் 36(1)இல் இருக்கிறது. அத்தகைய வழக்கிலும் பணி தேவைப்படும் உறவுகள் இருக்கும். கொடுமை செய்தவரை விட்டு விலகத் துணியும் தாய் அதில் முதன்மையானவர். பணியாளர் பற்றாக்குறை என்ற எதிர்வாதம் அரசின் வரவுசெலவுத் திட்டத்துக்கு உரியது. சட்டத்தின் பொருளை அது மாற்றாது. இவ்வாசிப்பால் ஆணைகள் தாமதமாகும் என்ற எதிர்வாதமும் நிற்காது. நான்கு மாத வரம்பு அப்படியே இருக்கிறது. அதற்குள் என்ன நடக்க வேண்டும் என்பதே கேள்வி.

எனவே நடைமுறையில் ஒரு மாற்றம் போதும். இல்லத்தில் வைக்கும் ஒவ்வோர் இறுதி ஆணைக்கும் முன்பாக இரண்டாவது அறிக்கை ஒன்றைக் குழு கேட்டுப் பெறட்டும்: குடும்பத்துக்கு என்ன உதவி அளிக்கப்பட்டது, யார் அளித்தார், எது பலித்தது, எது பலிக்கவில்லை, ஏன். இதைக் கேட்கப் புதிய சட்டம் தேவையில்லை. அவ்வறிக்கை வெறுமையாக வந்தால், குழந்தை இல்லத்துக்குப் போக வேண்டிய காரணம் இன்னும் நிறுவப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.